வலமிருந்து இடமாக ஓடிய கார்

கல்முனைக் கடைத்தெருவில், ஒரு தையல்கடையின் மேல்மாடியில், 'காலிதீன் – தனியார் விசாரணை' என்ற பலகை தொங்கியது. தொங்கிய நாள் முதல் படியேறி வந்தவர்களில் பாதிப் பேர் கையில் பாஸ்போர்ட்டோடுதான் வந்தார்கள். விசாரணை என்றால் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கும் விசாரணை என்று ஊரில் ஒரு நினைப்பு.

அதனால் அன்று காலை கறுப்பு அபாயாவும் பெரிய கைப்பையுமாக ஒரு பெண் மூச்சிரைக்க வந்து நின்றபோது, காலிதீனின் உதவியாளன் அபூசாலி பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னான்:

"துபாய்க்கு ஆள் எடுக்கிறல்ல, ராத்தா. பக்கத்துக் கட்டடம்."

"நான் தம்மாமிலருந்து வந்து மூணு மாசம். திரும்பிப் போற எண்ணமில்ல," என்றாள் அவள். "என்ட மாப்பிள்ளயப் பொலிஸ் புடிச்சிருக்கு."

அபூசாலி பேப்பரை மடித்தான். காலிதீன் நாற்காலியைக் காட்டினார்.

காலிதீன் இருபது வருடம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். சாட்சி சொன்னதற்கும் நீதவான் காதில் விழுந்ததற்கும் நடுவில் எத்தனை உண்மைகள் தொலைந்துபோகும் என்பதை அங்கேதான் கற்றார். ஓய்வுக்கு முன்பே வேலையை விட்டு, தொலைந்ததைத் தேடும் தொழிலுக்கு வந்துவிட்டார். அபூசாலி முன்னாள் பஸ் கொண்டக்டர். வாய் ஓய்ந்தால் கை நடுங்கும் என்று அவனே சொல்லுவான்.

வந்தவள் பெயர் றஹீமா. கணவர் சரீப், சவூதியில் பன்னிரண்டு வருடம் ஏசி மெக்கானிக். ஊரோடு வந்துவிடுவதென்று தீர்மானித்தபோது, ஆசையாக வைத்திருந்த வெள்ளைக் காரையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். அன்று பிடித்த சனியன்.

"கொழும்பில நம்பர் கேட்டுப் போனா, 'முதல்ல இன்ஷூரன்ஸ் கொண்டா' எண்டாங்க. இங்க இன்ஷூரன்ஸ் கேட்டுப் போனா, 'இலங்கை நம்பர் இல்லாத காருக்கு எப்பிடித் தாற?' எண்டாங்க. இவர் அங்கயும் இங்கயும் அலைஞ்சதில செருப்புத்தான் தேஞ்சிச்சி."

"பைத்தியம் தெளிஞ்சாத்தான் கலியாணமாம், கலியாணம் முடிச்சாத்தான் பைத்தியம் தெளியுமாம்," என்றான் அபூசாலி.

"கடைசியா மீராமுகைதீன் எண்டு ஒரு இன்ஷூரன்ஸ் ஏஜண்ட், 'காரைப் பரிசோதிச்சு நான் ஒரு அறிக்கை எழுதித் தாறன், அதை வெச்சி நம்பர் எடுக்கலாம்' எண்டார். நல்ல மனிசன். எழுதியும் தந்தார். அதுக்குள்ள இந்தக் கரைச்சல்."

கரைச்சல் இதுதான். முந்தாநாள் மாலை பாண்டிருப்பு வீதியில் சைக்கிளில் போன அழகரெத்தினம் என்ற சித்திர வாத்தியாரை ஒரு வெள்ளைக் கார் பின்னாலிருந்து அடித்துவிட்டு நிற்காமல் ஓடியது. வாத்தியாருக்குக் கால் முறிந்தது. காரின் பின்னால் அரபு நம்பர். ஊரில் அரபு நம்பர்க் கார் ஒன்றே ஒன்று.

"கார் எங்கட வளவில படங்கு போட்டு மூடிக் கிடந்திச்சி, நானா," என்றாள், அண்ணனை அழைப்பதுபோல். "பெற்றறியும் கழட்டித்தான் வெச்ச. அவர் அஸர் தொழுதிட்டு வீட்டில படுத்துக் கிடந்தார். நான் செல்றன், ஆனா பொஞ்சாதிர சாட்சி சாட்சியில்லயாம்."

"காரில அடிபட்ட தடயம் ஏதும் இருக்கா?"

றஹீமா கொஞ்சம் தயங்கினாள்.

"முன் மட்காட்ல ஒரு நெளிவு. கொழும்பு துறைமுகத்தில இறக்கக்குள்ள பட்டது. ஆனா ஏஜண்ட்ர அறிக்கையில 'ஒரு கீறலும் இல்ல' எண்டு எழுதியிருக்காம். அதைப் பாத்திட்டுத்தான் பொலிஸ், 'அறிக்கைக்குப் பிறகு வந்த நெளிவு, அப்ப இந்தக் கார்தான்' எண்டு செல்றாங்க."

"நல்ல மனிசன்," என்றான் அபூசாலி.

"நாளைக்குக் கொழும்புக்கு அனுப்பப் போறாங்களாம். ஆள் அடையாளம் இல்லாத கார், ஆரோட கார், எதுக்குக் கொண்டு வந்த எண்டெல்லாம் கேக்கிறாங்க. அடிச்சிட்டு ஓடின கேஸ் மட்டுமில்லயாம். அனுப்பினா எப்ப வருவார், நானா?"

யுத்தம் நடந்த அந்த வருடங்களில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர் யாருமில்லை. காலிதீன் எழுந்து சேர்ட்டின் கையை இறக்கிவிட்டார்.

"சாப்பாடு கொண்டு போய்க் குடு, தங்கச்சி. நாங்க பின்னேரத்துக்குள்ள அங்க வாறம்."

*

அழகரெத்தினம் வாத்தியார் மாவுக்கட்டுப் போட்ட காலை ஒரு கதிரையில் நீட்டி, இன்னொரு கதிரையில் தான் இருந்தார். முகத்தில் வலியைவிட எரிச்சல் அதிகம்.

"வாங்க, இரிங்க. நீங்க அந்தச் சரீப்ட ஆக்களா?"

"உண்மைட ஆக்கள்," என்றார் காலிதீன்.

"சம்பளம் குறைவான பக்கம்," என்று அபூசாலி சேர்த்துக்கொண்டான்.

வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததில் கால் வலித்தது.

"இஞ்ச பாருங்க நானா, எனக்கு ஒருத்தரையும் உள்ளுக்குப் போடுற ஆசையில்ல. ஆனா அடிச்சவன் ஒருக்கா நிப்பாட்டியிருக்கலாம். தண்ணி ஓடுற கான் பக்கத்தில கிடந்தன். இப்ப இன்ஷூரன்ஸும் இல்லாத கார் எண்டு செல்றாங்க. இந்தக் காலுக்கு ஆர் பொறுப்பு?"

"டிரைவரப் பாத்தீங்களா?"

"எப்பிடிப் பாக்கிற? பின்னால வந்து அடிச்சான். விழுந்து தலையத் தூக்கக்குள்ள கார்ர பின்பக்கம்தான் தெரிஞ்சிது. பொலிஸ் வந்து நம்பர் கேட்டாங்க. நான் படம் கீறிக் குடுத்தன்."

"படமா?"

"எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. அதால பிழையா வாசிக்கவும் ஏலாது. கண் என்ன கண்டுதோ அதைக் கை கீறும். எழுத்து இருந்த பக்கம் சேறு. மூண்டு எண்தான் துப்பரவாத் தெரிஞ்சிது."

காலிதீன் கேட்டதும் வாத்தியார் பென்சிலை எடுத்து ஒரு கடதாசியில் மறுபடி கீறினார். முதலில் ஒரு வட்டம். அதற்கு வலப்பக்கம், விரித்த கத்தரிக்கோல்போல் ஒன்று. கடைசியாக, பிடி கீழே இருக்கும் அரிவாள்போல் ஒன்று.

"இடப்பக்க ஓரத்தில இருந்தது வட்டம்தானே? நல்லா ஞாபகமா?"

"நானா, இருவத்தஞ்சு வரியமாப் புள்ளையளுக்கு இடம் வலம் சொல்லிக் குடுத்தவன் நான்."

வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்தபடி அபூசாலி சொன்னான்: "வட்டம் அஞ்சு, கத்தரிக்கோல் ஏழு, அரிவாள் ரெண்டு. ஓதப் போன காலத்தில படிச்சது இதுதான் நானா, மத்ததெல்லாம் அடிதான் ஞாபகம். சரீப்ட கார் என்ன நம்பர்?"

"இருநூற்றி எழுவத்தஞ்சு."

"ரெண்டு, ஏழு, அஞ்சு. அப்ப அதே மூணும்தான். ஆள் மாட்டினார்."

"அதே மூணும்தான்," என்றார் காலிதீன். "வண்டிய தேத்தண்ணிக் கடைக்கு விடு."

*

வாத்தியாரின் படத்தைப் பொலிஸ்காரர் கொண்டுபோய்க் காட்டியது சந்தி தேநீர்க்கடை ஹாஜியாரிடம். காரணம் எளிமையானது. பொலிஸ்காரர் சிங்களவர், வாத்தியார் இந்து, கடை பக்கத்தில் இருந்தது.

"ஓம், நான்தான் வாசிச்சுக் குடுத்த," என்றார் ஹாஜியார், பெருமையோடு தேநீரை ஆற்றிக்கொண்டு. "அரிவாளில தொடங்கி ரெண்டு, ஏழு, அஞ்சு. இருநூற்றி எழுவத்தஞ்சு."

"வலப்பக்கத்திலருந்து வாசிச்சீங்க."

"அரபு வலத்திலருந்துதானே தொடங்கிற! சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

கடைச் சுவரில் யாரோ சவூதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கலண்டர் தொங்கியது. மேலே பெரிதாக வருடம், அரபு எண்களில்.

"ஹாஜியார், அந்தக் கலண்டர் எந்த வருசத்துக்குரியது?"

"இது என்ன கேள்வி, இந்த வருசம்தான்."

"அதையும் வலத்திலருந்து வாசியுங்களன்."

ஹாஜியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "ஆறு... ஒம்பது... ஒம்பது... ஒண்டு..." உதடு நின்றது. "ஆறாயிரத்தித் தொளாயிரத்தி..."

"உலகம் அழியிற கியாமத்து நாள் வந்து போய்ட்டு," என்றான் அபூசாலி. "ஹாஜியார் மட்டும் இன்னும் ரீ ஊத்திக்கிட்டு இருக்கார்."

"அரபு எழுத்து வலத்திலருந்து போகும்," என்றார் காலிதீன் மெதுவாக. "எண் நம்மட எண் மாதிரித்தான், இடத்திலருந்து. ஆயிரத்தித் தொளாயிரத்தித் தொண்ணூத்தாறு. அப்ப வாத்தியார் கண்ட கார்ல இருந்த நம்பர் இருநூற்றி எழுவத்தஞ்சு இல்ல. ஐநூற்றி எழுவத்திரெண்டு."

ஹாஜியார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"அல்லாஹ்வே. நான் வாசிச்ச பிழைக்கா அந்த மனிசன் உள்ள இருக்கார்?"

"நீங்க மட்டும் பிழை விட்டிருந்தா அவர் வெளியதான் இருந்திருப்பார்," என்றார் காலிதீன். "உங்களுக்கு முதல் இன்னொருத்தனும் அதே பிழைய விட்டிருக்கான். ரெண்டு பிழையும் சேர்ந்து சரீப்ட சரியான நம்பராப் போச்சி. அதுதான் கரைச்சல்."

அபூசாலி தலையைச் சொறிந்தான். "கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க நானா, நான் ஃபுட்போட்ல நிக்கிறன்."

"கேளு. ஐநூற்றி எழுவத்திரெண்டு எண்ட நம்பர்ல ஊருக்குள்ள வேற ஒரு சவூதிக் கார் இல்ல. அப்ப அது போலிப் பிளேட். சரீப்ட நம்பரத் திருப்பிப் போட்டா அதே நம்பர் வருது. அப்ப போலி செய்தவன் சரீப்ட நம்பரத்தான் எழுத நினைச்சான். அரபுதானே எண்டு வலத்திலருந்து எழுதினான். இப்ப செல்லு, சரீப்ட காரக் கண்ணால பாத்தவன் அப்பிடி எழுதுவானா?"

"பாத்தவனெண்டா அப்பிடியே பாத்துக் கீறியிருப்பான். நம்மட வாத்தியார் மாதிரி."

"அதுதான். இவன் காரப் பாக்கல்ல. நம்பர மட்டும் நம்மட எண்ணில, கடதாசியில பாத்தவன்."

*

பொலிஸ் நிலைய வாசலில், வேப்பமர நிழலில், றஹீமா வெறும் சாப்பாட்டுப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு உள்ளே போய்விட்டது, அவளால் போக முடியவில்லை.

"ஒரே ஒரு கேள்வி, தங்கச்சி. அந்த ஏஜண்ட் காரப் பரிசோதிக்க வந்த நேரம், படங்கத் தூக்கிப் பாத்தாரா?"

"மழை பெய்ஞ்சிது நானா. 'நனையத் தேவயில்ல, பேப்பரத் தாங்க, அதில எல்லாம் இருக்கு' எண்டார். பிளேன்ரீ குடிச்சார். பேப்பரப் போட்டோக்கொப்பி எடுக்க எண்டு கொண்டு போனார்." அவள் முகம் மாறியது. "ஏன் நானா?"

"அந்தப் பிளேன்ரீக்கு நீங்க சீனி போட்டிருக்கக் கூடா," என்றான் அபூசாலி.

*

மீராமுகைதீனின் இன்ஷூரன்ஸ் கந்தோரில் காற்றாடி சுற்றியது. ஆள் கழுத்தில் டை. முதுகுக்குப் பின்னால் ஒரு குடும்பம் குடை பிடித்துச் சிரிக்கும் விளம்பரப்படம், கீழே 'நாளையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்ற வாசகம்.

"வாங்க வாங்க, காலிதீன் நானா. ஆயுள் காப்புறுதியா, வாகனமா?"

"சரீப்ட விசயம். அவருக்கு உதவி செய்யக்கூடிய ஒரே ஆள் நீங்கதான்," என்றார் காலிதீன். அபூசாலியைக் காணவில்லை. கந்தோர் வாசலிலேயே அவனுக்குச் செருப்பு வார் அறுந்துவிட்டது.

மீராமுகைதீன் சோகமாக உச்சுக்கொட்டினார். "பாவம் மனிசன். நான் அண்டைக்கே சென்னன், நம்பர் வரும் வரைக்கும் காரத் தொடாதீங்க எண்டு. இப்ப என்ன செய்யிற?"

"நீங்க காரக் கண்ணால பாத்து எழுதின அறிக்கை ஒண்டு இருக்கே."

"ஓம், கண்ணால பாத்துத்தான். நான் பாக்காம எழுதுற ஆள் இல்ல. பொனட், மட்காட், நம்பர் பிளேட், எல்லாம் கையால தடவிப் பாத்த."

"நல்லது. பிளேட்ல எப்பிடி இருந்திச்சோ, அப்பிடியே அரபில ஒருக்கா எழுதித் தாங்க. பொலிஸுக்குக் காட்டவேணும்."

அரபு தெரியும் என்று காட்டுவதற்குக் கிடைத்த வாய்ப்பை மீராமுகைதீன் விடவில்லை. பேனாவைத் திறந்து கடதாசியின் வலப்பக்கத்தில் தொடங்கினார். அரிவாள். அதற்கு இடப்பக்கம் கத்தரிக்கோல். இன்னும் இடப்பக்கம் வட்டம். அழகாகவே எழுதினார்.

காலிதீன் பையிலிருந்து வாத்தியாரின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். ஒன்று பேனா, மற்றது பென்சில். வேறு வித்தியாசம் இல்லை.

"ஒரே மாதிரி இருக்கே," என்று மகிழ்ந்தார் மீராமுகைதீன். "அப்ப அடிச்சது அந்தக் கார்தான்."

"சரீப்ட கார் பொலிஸ் வளவில நிக்கிது. போய்ப் பாருங்க. அதில இந்த மூணும் மற்றப் பக்கமா இருக்கு. எண் இடத்திலருந்து எழுதுறது, தம்பி. நீங்க அந்தப் பிளேட்டப் பாத்ததே இல்ல."

காற்றாடி சுற்றியது. மீராமுகைதீன் கணக்குப் போட்டார். ஏஜண்டுகள் இழப்பைக் குறைப்பதில் கெட்டிக்காரர்கள்.

"சரி நானா, மறைக்கல்ல," என்று சிரித்தார். "அண்டைக்கு மழை. பாக்காம எழுதிட்டன். சோம்பல்தான். அதுக்காகத் தூக்கில போடுவாங்களா?"

"போடமாட்டாங்க. அப்ப நீங்க பாக்கல்ல. நம்பரக் கடதாசியிலதான் கண்டீங்க."

"ஓம், ஓம். கடதாசியிலதான்."

"இந்தப் பிழைய விட்டவன்தான் வாத்தியார அடிச்சான். அவன் காரப் பாக்காதவன், கடதாசியப் பாத்தவன், அரபு எண்ண வலத்திலருந்து எழுதுறவன். இந்த ஊர்ல அப்பிடி எத்தின பேர் இருக்காங்க எண்டு நினைக்கிறீங்க?"

மீராமுகைதீன் வாய் திறக்கும் முன்பு, கந்தோரின் பின்கதவு வழியாக அபூசாலி வந்தான். செருப்பு இரண்டும் நன்றாகவே இருந்தன. கையில் ஒரு தகரத் துண்டு.

"நானா, பின்னால ஒரு வெள்ளைக் கார். முன் லைற்றில ஒரு கண் உடைஞ்சிருக்கு. கண்ணாடியில ஒட்டின லைசன்ஸ் போன வருசத்தோட முடிஞ்சிபோச்சி. கால்மிதிக்குக் கீழ இது கிடந்திச்சி." தகரத்தை மேசையில் வைத்தான். வட்டம், கத்தரிக்கோல், அரிவாள். மேலே காய்ந்த சேறு. "பெயின்ற் வேலை பரவாயில்ல. எழுத்துப் பிழைதான்."

மீராமுகைதீன் டையைத் தளர்த்தினார்.

"என்ட நம்பரோட போனா ஒவ்வொரு செக்பொயின்றிலயும் இறக்கி, லைசன்ஸ் எங்க, இன்ஷூரன்ஸ் எங்க எண்டு கேக்கிறாங்க. இந்த நம்பரப் போட்டா ஏதோ தூதரகத்துக் கார் எண்டு நினைச்சு சல்யூட் அடிச்சு அனுப்புறாங்க, நானா. பொத்துவில் வரைக்கும் சல்யூட்! பிடிச்சாலும் காட்ட சரீப்ட கொப்பி இருக்கு. ஊர் தாண்டின பிறகுதான் மாட்டுவன். அண்டைக்குக் கழட்ட மறந்திட்டன்."

"ஒரு மனிசன் கான் பக்கத்தில கிடந்தார்," என்றார் காலிதீன். அவர் குரல் முதல்முறையாகக் கடுத்தது. "ஒரு மனிசன் கூட்டுக்குள்ள கிடக்கார். அவர்ட கடதாசிய வெச்சே அவரப் புதைச்சிருக்கீங்க."

"பயந்திட்டன் நானா."

"அதிருக்க, நீங்க இன்ஷூரன்ஸ் ஏஜண்ட்," என்றான் அபூசாலி, உண்மையாகவே வியந்து. "ஊர் முழுக்க வித்திட்டு, ஒங்கட காருக்கு ஏன் எடுக்கல்ல?"

மீராமுகைதீன் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"காசு கட்டினாலும் ஒண்டும் கிடைக்காது எண்டு என்னைவிட ஆருக்குத் தெரியும்?"

பிறகு எழுந்து, குரலைத் தாழ்த்தி, இருவருக்கும் இலவசமாக ஆயுள் காப்புறுதி போட்டுத் தருவதாகச் சொன்னார். அபூசாலி அவர் கையை மரியாதையாகப் பிடித்து மோட்டார் சைக்கிளின் நடுவில் ஏற்றினான்.

*

பொறுப்பதிகாரி தகரத்தையும் பார்த்தார், இரண்டு கடதாசிகளையும் பார்த்தார், வளவில் நின்ற சரீப்பின் காரையும் ஒருமுறை போய்ப் பார்த்து வந்தார். பிறகு மீராமுகைதீன் உள்ளே போனார், சரீப் வெளியே வந்தார். வாத்தியாரின் வைத்தியச் செலவும் லீவுச் சம்பளமும் தன் பொறுப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் ஏஜண்ட் உள்ளே போனார். அவர் வாழ்க்கையில் எழுதிக் கொடுத்த முதல் உண்மையான நட்டஈடு அதுதான் என்றான் அபூசாலி.

சரீப் மெலிந்து, தாடி வளர்ந்து, மனைவியின் முன்னால் வந்து நின்றார். றஹீமா அவர் சேர்ட்டின் பொத்தானைச் சரிசெய்துவிட்டாள். அழவில்லை. அழுவதற்கு வீட்டில் இடம் இருந்தது.

"கார் கொண்டு போ," என்றார் பொறுப்பதிகாரி, தனக்குத் தெரிந்த தமிழில். "வளவு காணாது."

சரீப் சாவியை வாங்கினார். அதிகாரி கையை நீட்டித் தடுத்தார்.

"நம்பர் இல்ல. இன்ஷூரன்ஸ் இல்ல. ஓட்ட ஏலாது."

"அப்ப இங்க எப்பிடி சேர் வந்திச்சி?" என்று கேட்டான் அபூசாலி.

அதிகாரி கூரையைப் பார்த்தார். "அது பொலிஸ் வேலை."

கடைசியில் உழவு மெசின் ஒன்றைப் பிடித்துக் கயிற்றில் இழுத்துப்போவதென்று முடிவாயிற்று. அதற்கும் அதிகாரியிடம் ஒரு சட்டம் இருந்தது. இழுபடுகிற காரிலும் ஸ்டியரிங்கைப் பிடிக்க இலங்கை லைசன்ஸ் உள்ள ஆள் வேண்டும். சரீப்பிடம் இருந்தது சவூதி லைசன்ஸ். அபூசாலியிடம் மோட்டார் சைக்கிளுக்கு மட்டும். காலிதீன் வாழ்நாள் முழுவதும் பின்சீட்டில் போனவர்.

றஹீமா கைப்பையைத் திறந்து ஒரு லைசன்ஸை எடுத்து மேசையில் வைத்தாள். புத்தம் புதியது.

சரீப் அதை இரண்டு தரம் வாசித்தார். "இது எப்ப?"

"நீங்க கொழும்புக்கு அலைஞ்ச நேரம். தம்பிட வேன்ல பழகின," என்றாள் அவள். "அங்க இவ்வளவு காலமும் பின்னால இருந்துதானே வந்தன். இங்க வந்தும் சும்மா இருக்கச் சென்னா எப்பிடி?"

உழவு மெசின் படபடவென்று கிளம்பியது. கார் பின்னால் அசைந்தது. அது சவூதிக் கார் ஆனதால் ஸ்டியரிங் இடப்பக்கம். அங்கே றஹீமா உட்கார்ந்திருந்தாள். வலப்பக்கம், நம் ஊரில் டிரைவர் இருக்கும் பக்கம், சரீப் உட்கார்ந்திருந்தார்.

கடைத்தெருவில் கடைக்காரர்கள் வெளியே வந்து நின்றார்கள். செய்தி கார் வருமுன்பே வந்திருந்தது. "சரீப் வந்திட்டார்! ஸலாம் சரீப்!" என்று இரண்டு பக்கமும் கைகள் உயர்ந்தன. பொலிஸ் கூட்டிலிருந்து வந்த மனிதர் நெஞ்சு நிறைந்துபோய், இரண்டு கைகளையும் தூக்கிப் பதில் ஸலாம் சொன்னார்.

சந்தி வளைவு வந்தது. கார் நூல் பிடித்ததுபோல் திரும்பியது.

தேநீர்க்கடை வாசலில் நின்ற ஹாஜியார் பதறிப்போய், கோப்பையோடு தெருவுக்கே ஓடிவந்தார்.

"சரீப்! ஸலாம் பிறகு செல்லலாம், முதல்ல ஸ்டியரிங்கப் புடிங்க!"